சம்பந்தி வைத்த பெரணிச் செடி

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்துகொண்டிருந்தவர், காலையில் குளித்து முடித்ததும் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொள்கிற மனிதர். என் அப்பா. முதல்முறை கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பழகிப்போய்ச் சிரிப்பு நின்று நெடுநாள் ஆகிவிட்டது.

நான் வாழ்க்கைப்பட்டது கிறிஸ்தவக் குடும்பத்தில். பதிவுத் திருமணம்தான். கொஞ்ச காலம் இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். மகள் பிறந்ததும் குழந்தையை யார் தூக்குவது என்பதில் எல்லோருடைய கவனமும் போய், அந்தக் கோபம் எப்போது தீர்ந்தது என்றே தெரியவில்லை. யாரும் யாரையும் மாறச் சொல்லவில்லை. தீபாவளிக்கு, சிங்கப்பூரின் மறுகோடியில் ஜூரோங்கில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போவோம். கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு பாசிர் ரிஸில் எங்கள் வீட்டில். மாமியாரும் கொழுந்தன் குடும்பமும் ஆராதனை முடிந்து நேரே இங்கே வந்துவிடுவார்கள்.

அம்மா இறந்த பிறகு அப்பா அண்ணன் வீட்டை விட்டு எங்களோடு வந்து தங்கினார். அண்ணன் வீட்டில் இடம் போதாது என்பது பாதிக் காரணம். மீதிக் காரணத்தை அப்பா சொன்னதில்லை. "மகன் இருக்கறப்ப மக வீட்டுல எதுக்கு?" என்று துருவிய உறவுக்காரர்களிடம், "அங்க கடல் காத்து வருது" என்பார். எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே இருப்பது அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம். கடல் காற்று எந்த வழியாக வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு பெட்டிகளோடும் ஒரு பெரணிச் செடியோடும் வந்தார். இந்த ஊரில் சாலையோர மரக் கிளைகளில் பெரிய கூடு மாதிரி உட்கார்ந்திருக்குமே, நீள நீள இலையோடு, அந்த வகைப் பெரணி. டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் வேட்டியெல்லாம் மண். "இத ஏம்ப்பா தூக்கிட்டு வந்தீங்க?" என்றதற்கு, "அங்க யாரு தண்ணி ஊத்துவா?" என்று திருப்பிக் கேட்டார். அண்ணியைக் குத்துகிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எங்களுடையது தாழ்வாரத்தின் கடைசி வீடு. அப்பா வந்த ஒரு வருடத்துக்குள் எங்கள் வாசலில் செடிகள் வரிசை கட்டின. மணி பிளாண்ட், பாம்புச் செடி, கற்றாழை, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கொடுத்த ஏதோ ஒரு சிவப்பு இலைச் செடி, வந்துபோகிறவர்கள் எல்லாம் ஒடித்துப்போகும் கறிவேப்பிலை. நடக்க வழி விட வேண்டும் என்று நகர மன்றத்திலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். இவரும் சுவரோடு ஒட்டித் தள்ளி வைப்பார். ஒரு வாரத்தில் செடிகள் தாமாகவே நடந்து முன்னால் வந்திருக்கும்.

அதற்கு முன் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் என்பது மாமியார் கொடுத்த ஒரு அட்டைப் பெட்டி. அதில் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் மரம், வெள்ளி உருண்டைகள், காகிதக்கூழில் செய்த குடில் பொம்மைகள். மாமியாருக்கு வெள்ளைதான் பிடிக்கும். சுத்தமாக, அமைதியாக இருக்க வேண்டும் என்பார். அந்த மரத்தை அரை மணி நேரத்தில் பிரித்து நிறுத்திவிடலாம் என்பதால் எனக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை.

அப்பா வந்த முதல் டிசம்பரில் அந்த மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். "வெளியில இத்தன செடி உசுரோட நிக்குது. நீங்க பிளாஸ்டிக்குக்கு லைட்டு போடறீங்க" என்றார். அப்போது உயர்நிலைப் பள்ளியில் இருந்த என் மகள் கைப்பேசியை அவரிடம் நீட்டி, "தாத்தா, இப்பல்லாம் ஒவ்வொரு வருஷமும் ஒரு தீம் வெக்கணும். இந்த வருஷம் ஸ்நோ" என்றாள். சிங்கப்பூரில் பிறந்து, பனியைக் குளிர்பதனப் பெட்டியில் மட்டும் பார்த்திருக்கிற பெண். அப்பா அந்தப் படங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். மறுநாள் செடிகளை எல்லாம் உள்ளே கொண்டுவந்து, தொட்டி மண் மேல் பஞ்சைப் பரப்பினார். மருந்துக் கடையில் பெரிய சுருளாகக் கிடைக்கும் பஞ்சு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் அவரால் இருக்க முடியாது. மூன்றாம் நாள் பனியெல்லாம் சாம்பல் நிறமாகி, நான்காம் நாள் வாடை அடிக்க ஆரம்பித்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நானும் மகளும் மூக்கைப் பொத்திக்கொண்டு பனியை அள்ளிக் குப்பையில் போட்டோம்.

அடுத்த வருடத்திலிருந்து அவர் தன் வழியைக் கண்டுபிடித்துவிட்டார். தீபாவளி முடிந்த வாரம் லிட்டில் இந்தியாவுக்குப் போவார். சிராங்கூன் சாலைக் கடைகளில் தீபாவளிக்கு விற்காமல் மிஞ்சிய தோரணம், பிளாஸ்டிக் செவ்வந்திச் சரம், குட்டி விளக்குச் சரம் எல்லாம் கூடைகளில் கொட்டிக் கிடக்கும். கடைக்காரர்கள் அதைத் தள்ளிவிட்டால் போதும் என்றிருப்பார்கள். ஒரு கடைக்காரர், "ஐயா, தீபாவளி போயிடுச்சே, இப்ப வாங்குறீங்க?" என்று கேட்டாராம். "கிறிஸ்துமஸுக்கு" என்று சொல்லிவிட்டு வந்ததாக எங்களிடம் பெருமையாகச் சொன்னார். மகள் எந்தத் தீம் சொன்னாலும் அதில் செவ்வந்திச் சரம் வந்துவிடும். 'காடு' என்றாள். காட்டில் செவ்வந்தி. 'கோல்டு' என்றாள். செவ்வந்தியே தங்க நிறம்தானே என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டு படம் எடுத்துப் போடுவாள். தோழிகள் எல்லாம், "உன் வீடு மட்டும் வேற மாதிரி இருக்குலா" என்பார்களாம். அது பாராட்டா இல்லையா என்று அவள் அவர்களிடம் கேட்டதில்லை.

குடிலைப் பெரணித் தொட்டிக்குள் வைப்பார். நடுவில் குழந்தை, சுற்றி மாடும் ஆடும் மேய்ப்பர்களும், மேலே குடை பிடித்தாற்போல் பெரணி இலைகள். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை.

"பெத்லகேம்ல இவ்வளவு பச்சை ஏது சம்பந்தி?"

"மழ பேஞ்சிருக்கும் சம்பந்தி."

வேதாகமத்தை இரண்டு முறை முழுசாக வாசித்தவர் என் மாமியார். இயேசு பிறந்த இரவில் மழை என்று அதில் எங்கும் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். பெய்யவில்லை என்றும் சொல்லவில்லை என்பதால் வாயை மூடிக்கொள்வார்.

இதைவிடப் பெரிய தகராறு சாப்பாட்டு மேசையில். அப்பா அந்தத் தொட்டியை ஒரு மர முக்காலியின் மேல் ஏற்றி, மேசையின் ஜன்னல் பக்க மூலையில் வைப்பார். இளவெயில் அங்கேதான் விழும். அதை ஒட்டிய நாற்காலிதான் மாமியார் எப்போதும் உட்காருகிற இடம், முட்டி வலியால் அவருக்குக் கை வைத்த நாற்காலிதான் வேண்டும். சோற்றில் கை வைத்ததும் ஒரு இலை அவர் தோளைத் தொடும். தட்டிவிடுவார். மின்விசிறி திரும்பும்போது இலை திரும்பி வரும். மறுபடி தட்டுவார். மூன்றாவது முறை, "சம்பந்தி, உங்க செடி என்னயச் சாப்பிட விடாது போல" என்பார். அப்பா தலை நிமிராமல், "அதுக்கும் பிரியாணி வாசம் புடிக்குமே சம்பந்தி" என்பார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதே கேள்வி, இதே பதில். நான் சமைத்த கோழிப் பிரியாணியைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்பா போன ஜூனில் இறந்தார். நெஞ்சு வலி என்று மருத்துவமனைக்குப் போனவர், இரண்டாம் நாள் காலையில் இல்லை. காரியங்களை அண்ணன் செய்தார். செடிகளுக்கு நான் தண்ணீர் ஊற்றினேன். அவர் கொடுத்துவிட்டுப் போன வேலை அது ஒன்றுதான் என்பதால் ஒரு நாளும் விட்டதில்லை.

தீபாவளி வந்தது. அண்ணன் வீட்டில் அந்த வருடம் பண்டிகை கிடையாது. துக்க வீட்டில் ஒரு வருடத்துக்கு எந்த நல்ல நாளும் கொண்டாடுவதில்லை, அது தெரிந்ததுதான். நானும் புதுத் துணி எடுக்கவில்லை என்று தொலைபேசியில் சொன்னேன். அண்ணன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "உனக்கு அதெல்லாம் இல்லம்மா. கட்டிக் குடுத்த பொண்ணுக்கு மூணு நாளோட தீட்டு போச்சு. நீ தாராளமாக் கொண்டாடலாம்."

அவரோடு ஒரே வீட்டில் சாப்பிட்டு, அவர் துணியைத் துவைத்து, மருந்து எடுத்துக் கொடுத்து, கடைசியில் மருத்துவமனைப் படுக்கையருகே நின்றவள் நான். எனக்கு மூன்று நாள். கைப்பேசியைத் தூக்கி எறிந்திருப்பேன், அது கணவருடைய கைப்பேசி.

டிசம்பர் முதல் வாரத்தில் மாமியார் தன் மகனை அழைத்துப் பேசினார். கணவர் வந்து என்னிடம் சொல்லும்போது சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அம்மா சொல்றாங்க, இந்த வருஷம் டெக்கரேஷன் ஒண்ணும் வேணாமாம். ஸ்டார் வேணாம், குடில் வேணாம். சும்மா வந்து சாப்பிட்டுட்டுப் போறாங்களாம். மாமா தவறின வருஷம், அதான் மரியாதயா இருக்கும்னு."

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? இது அவர்கள் பண்டிகை. என் அப்பாவுக்காக அவர்கள் தங்கள் பண்டிகையை விட்டுக்கொடுக்கிறார்கள். இல்லை, எனக்கு அலங்காரம் வேண்டும் என்று நான் எந்த வாயால் கேட்பேன்? அப்பாவை இழந்தவள் விளக்குச் சரத்துக்கு அலைகிறாள் என்றுதானே இருக்கும். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது. அண்ணன் வீட்டில் எனக்குத் துக்கம் இல்லை. இங்கே எனக்குப் பண்டிகை இல்லை. அப்பாவை நினைப்பதற்கு என்று எனக்கிருந்தது டிசம்பரில் அவர் கலைத்துப்போடும் இந்தக் கூடம் ஒன்றுதான். அதையும் மரியாதை என்ற பெயரில் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று சமைக்கும்போது பாத்திரங்கள் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டன. கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன கோவம்?"

"உங்கம்மாவுக்கு எங்கப்பா வெக்கிற செடி என்னைக்காச்சும் புடிச்சிருக்கா? இந்த வருஷம் அவங்களுக்கு வசதியாப் போச்சு."

தன் அம்மாவையும் என்னையும் ஒரே நேரத்தில் சமாளிக்கும் வித்தை அவருக்குத் தெரியும். பேசாமல் போய்விடுவதுதான் அது.

அந்த நேரம் பார்த்து எங்கள் கட்டடத்துக்குச் சாயம் பூச வந்தார்கள். மின்தூக்கிக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். எங்கள் மாடித் தாழ்வாரத்தைச் சுத்தமாகக் காலி செய்து தர வேண்டும், வேலை முடிந்து சாயம் காய இரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரம் என்றால் கிறிஸ்துமஸைத் தாண்டிவிடும். செடிகளை எங்கே வைப்பது? கீழே கொண்டுபோய் வைத்தால் திரும்பும்போது கறிவேப்பிலையில் குச்சிதான் மிஞ்சியிருக்கும்.

ஒரு சனிக்கிழமை நானும் கணவரும் மகளும் தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கினோம். யாரும் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பாம்புச் செடியைக் கணவர் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தார். மணி பிளாண்டின் கொடியை மகள் ஜன்னல் கம்பியில் சுற்றினாள். சிவப்பு இலைச் செடியை நான் கதவருகே வைத்தேன். கறிவேப்பிலை சோபாவின் இந்தப் பக்கம், கற்றாழை அந்தப் பக்கம். கை கழுவிவிட்டு வந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் மூன்று பேருக்கும் தெரிந்தது. செடிகளை வீட்டுக்குள் எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரிந்திருந்த இடங்கள் எல்லாம் ஒவ்வொரு டிசம்பரிலும் அப்பா வைத்த இடங்கள்.

"அம்மா, இது கிறிஸ்மஸ் மாதிரியே இருக்கு" என்றாள் மகள்.

கணவருக்கு முகம் மாறிவிட்டது. "அம்மா வந்தா என்ன நெனப்பாங்க? வேணாம்னு சொல்லியும் செஞ்சிட்டோம்னு நெனப்பாங்களா?"

"பெயிண்ட் அடிக்கிறாங்கன்னு சொல்லுங்க" என்றேன்.

ஆனாலும் எனக்கும் உள்ளே பயம்தான். வேண்டுமென்றே செய்ததாக நினைத்துவிட்டால், இனி ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும் அப்பாவின் பேச்சு வரும்போது அந்தக் கசப்பும் சேர்ந்து வரும். அதனால் அலங்காரம் போலத் தெரிவதை எல்லாம் ஒதுக்கினேன். விளக்கு இல்லை, சரம் இல்லை. பெரணியை மட்டும் கொண்டுபோய்ச் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மாமியாரின் தோளில் உரசுகிற செடி அது. இந்த வருடமாவது அவர் நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

கிறிஸ்துமஸ் அன்று கொழுந்தன் குடும்பத்தோடு மாமியார் வந்தார். வெள்ளைப் புடவை. வாசலில் செருப்பைக் கழற்றியவர், சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைப் பார்த்தார். கணவர் அவசரமாக, "பெயிண்ட் அடிக்கிறாங்கம்மா, அதான் செடியெல்லாம் உள்ள" என்று ஆரம்பித்தார். மாமியார் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டே போய்க் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். கறிவேப்பிலையில் கொஞ்ச நேரம் கண் நின்றது.

பிரியாணியைப் பரிமாறினேன். ஜெபம் செய்தோம். எல்லோரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் நான் மாமியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமென் சொல்லி எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். அவர் சோற்றில் கை வைக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது எங்க?"

"எது அத்தை?"

"அந்தப் பெரிய செடி. சம்பந்தி இங்கதான வெப்பாரு."

"பின்னால வெச்சிருக்கேன். உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னு."

"எனக்குத் தொந்தரவுன்னு உங்கிட்ட யாரு சொன்னா?"

ஒவ்வொரு வருடமும் நீங்கள்தான் சொன்னீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "அங்க வெயிலே வராதே. வாடிப் போயிடும். கொண்டாந்து வை."

கணவர் எழுந்து போய்த் தூக்கி வந்தார். மகள் முக்காலியைப் போட்டாள். கொஞ்சம் தள்ளி வைத்தார் கணவர். "இன்னும் இந்தப் பக்கம்" என்றார் மாமியார். இன்னும் நகர்த்தினார். "இன்னும்." அது பழைய இடத்துக்கு வந்த பிறகுதான் விட்டார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "குடில் எங்க?" என்றார்.

"நீங்கதான் பாட்டி வேணாம்னு சொன்னீங்க" என்றாள் மகள், வாய் துடுக்கு.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "உங்க வழக்கத்துல ஒரு வருஷம் எதுவும் செய்ய மாட்டீங்க. நாங்க நட்சத்திரமும் விளக்கும் போட்டா உனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன். உங்கப்பாவுக்குக் கொறயா போயிடக் கூடாதுல்ல."

"எனக்கு அந்த வழக்கமெல்லாம் இல்லையாம் அத்தை. கட்டிக் குடுத்த பொண்ணாம். அண்ணன் சொன்னாரு." அத்தனை பேர் முன்னால் அழக் கூடாது என்று தண்ணீர் குடித்தேன்.

"உங்கண்ணன் கெடக்கட்டும்" என்றார் மாமியார். "கூடவே வெச்சுப் பாத்தவ நீ. நானாவது உங்கிட்டக் கேட்டிருக்கணும்."

மகள் சாமான் அறைக்குள் புகுந்து அட்டைப் பெட்டியோடு வந்தாள். அதற்குள் குடில் பொம்மைகளுக்கு மேல், அப்பா சுருட்டி வைத்திருந்த செவ்வந்திச் சரமும் இருந்தது. சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, பெரணிக்கு நடுவில் குழந்தையை வைத்தாள், மாட்டை வைத்தாள், ஒரு கால் உடைந்த ஆட்டைச் சாய்த்து வைத்தாள். சரத்தைத் தொட்டியைச் சுற்றிக் கட்டினாள். "இந்த வருஷம் என்ன தீம்?" என்று கொழுந்தன் கேட்டார். எல்லோரும் மறுபடி சாப்பிட உட்கார்ந்தோம்.

மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பியது. ஒரு இலை மாமியாரின் தோளைத் தொட்டது. அவர் தட்டிவிட்டார். இலை திரும்பி வந்தது. தட்டிவிட்டார். மூன்றாவது முறை வந்தபோது, பழக்கத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சம்பந்தி, உங்க செடி…"

பாதியில் நின்றது. மேசையில் எல்லோருடைய கையும் நின்றது. எதிர் நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். அது அப்பா உட்காருகிற இடம். மாமியார் அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு குடிலைப் பார்த்தார். பாதியில் விட்டது சரியில்லை என்று நினைத்தாரோ என்னவோ, செடியின் பக்கமே திரும்பி மீதியையும் சொல்லி முடித்தார்.

"…என்னயச் சாப்பிட விடாது போல."

கொஞ்ச நேரம் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். பிறகு நான் எழுந்து போய் அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி பிரியாணி வைத்தேன்.